தீனி யார் போடறது?

கோவை கணபதியில் நண்பர் ஒருவர் லேத் பட்டறை வைத்திருக்கிறார். நாலு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், சுவரில் எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு பிள்ளையார் படம். பம்ப்செட்டுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுப்பது தொழில். லேத்களுக்கு ஏறக்குறைய என் வயசு.

'ஏங்க, ஊரே கம்ப்யூட்டர் லேத்துக்குப் போயாச்சு. நீங்க இன்னும் கையால திருகிட்டிருக்கீங்களே?' என்று மேதாவித்தனமாகக் கேட்டுவிட்டேன். புதுசு என்றால் பயம் போலிருக்கிறது என்று நினைப்பு.

மனிதர் சிரித்தார். 'ஜி ஜீரோன்னா வெட்டாம வேகமா ஓடும். ஜி ஒண்ணுன்னா நேரா வெட்டிட்டே போகும். சில மெஷின்ல 10-க்குப் பின்னால ஒரு புள்ளி வைக்க மறந்தீங்கன்னா, 10 மில்லிமீட்டர் 10 மைக்ரான் ஆயிரும். டூல் போய் முட்டிக்கும்.'

அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு! நம் ஆபீஸில் புள்ளி விட்டுப்போனால் மானேஜர் மட்டும்தான் முட்டுவார்.

'அப்புறம் என்ன தயக்கம்?'

'யானை வாங்கிரலாமுங்க. தீனி யாரு போடறது?'

கணக்கைச் சொன்னார். அந்த மெஷினுக்கு ஒரே மாதிரி ஆயிரம் பீஸ் வேண்டும். இவருக்கு வருவதோ அதில் பத்து, இதில் இருபது. புரோகிராம் போட்டு, செட்டிங் பண்ணி முடிப்பதற்குள் பழைய லேத்தில் பத்தும் கடைந்தாகிவிடும். பையனைப் பழக்கினால், பழகிய மறுமாசம் பெரிய கம்பெனிக்குப் போய்விடுவான். பாங்க் தவணை மட்டும் தேதி தவறாமல் வரும். சரக்கு வாங்கிய கம்பெனியின் பணம்? 90 நாள். சமயத்தில் 120.

விடுவேனா? 'சிறு தொழில்காரருக்கு 45 நாளுக்குள்ள பணம் தரணும்னு 2006-லயே சட்டம் இருக்கே! கெடு தாண்டின பாக்கியைக் கொடுத்து முடிக்கிறவரை செலவுக் கணக்குல காட்ட முடியாதுன்னு, 2024 ஏப்ரல்ல வருமான வரியிலயும் கிடுக்கி போட்டாங்களே!'

'சட்டத்தைக் காட்டினா பணம் வந்துருமுங்க. அடுத்த ஆர்டர் வராது.'

வாயை மூடிக்கொண்டேன்.

கிளம்பும்போது ரகசியம் போலச் சொன்னார்: 'பக்கத்துப் பட்டறைக்காரரும் நானும் கூட்டா ஒரு செகண்ட்ஹாண்ட் சி.என்.சி. பார்த்து வெச்சிருக்கோம். ரெண்டு பேர் வேலையும் சேர்ந்தா தீனிக்குக் கட்டும். அந்த 120 நாள் பாக்கி வந்தா அட்வான்ஸ் கொடுத்துருவோமுங்க.'

'எப்ப வரும்?'

பதில் சொல்லாமல் பிள்ளையாரைப் பார்த்தார்.

நானும் பார்த்தேன். அவருக்கும் தேதி தெரிந்த மாதிரி இல்லை.