பட்லர் சொல்லாத கதை

கதைசொல்லியை நம்பித்தான் வாசகர் நாவலுக்குள் நுழைகிறார். அந்த நம்பிக்கையில் கைவைப்பது ஆங்கில நாவலில் பழைய உத்தி. கசுவோ இஷிகுரோ 'தி ரிமெய்ன்ஸ் ஆஃப் தி டே'யில் (1989) அதைக் கையாளும் விதம் அலாதி. கதை சொல்லும் ஸ்டீவன்ஸ் மோசடிக்காரர் அல்ல. மரியாதை தெரிந்த, வயதான ஆங்கிலேய பட்லர். தன்னிடமே உண்மையைச் சொல்லிக்கொள்ளத் தெரியாதவர், அவ்வளவுதான்.

1956இல் காரில் பயணம் செய்தபடி பழையதை அசைபோடுகிறார். 1923இல் டார்லிங்டன் பிரபுவின் மாளிகையில் ஒரு சர்வதேச மாநாடு. மாடியில் அவர் தந்தை இறந்துகொண்டிருக்கிறார். கீழே மகன் விருந்தினர்களுக்கு ஒயின் ஊற்றுகிறார். துக்கம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அழுவதுபோல் தெரிகிறதே என்று பிரபு கேட்கும்போதுதான் அவர் கண்ணீர் வாசகருக்கே தெரியவருகிறது. தந்தை இறந்தபின் வந்த டாக்டரை, கால்வலியில் தவிக்கும் பிரெஞ்சு விருந்தினரிடம் அனுப்புகிறார். அந்த இரவை நினைத்தால் பெருமிதமாம்!

இதைவிட நுட்பமானது அந்த மூடிய கதவு. மாளிகையில் உடன் பணிபுரிந்த மிஸ் கென்டன் உள்ளே அழுகிறாள் என்ற எண்ணத்தோடு, அவள் அறைக்கு வெளியே நின்ற கணம் அவருக்கு நினைவிருக்கிறது. அவளுடைய அத்தை இறந்த சமயம் என்கிறார் முதலில். பல பக்கங்கள் தாண்டி, இல்லை, வேறொரு இரவாக இருக்கலாம் என்று திருத்துகிறார். இன்னொருவரை மணக்கச் சம்மதித்துவிட்டதாக அவள் சொன்ன இரவு அது. இருபதாண்டு ஏக்கம் ஒரு நாள் குழப்பமாக மட்டுமே வெளிவருகிறது.

காதலோடு போயிருந்தால் இது சோகக்கதை மட்டுமே. நாஜிகளிடம் பரிவு காட்டிய பிரபு, யூதப் பணிப்பெண்கள் இருவரை நீக்கச் சொல்கிறார். ஸ்டீவன்ஸ் மறுபேச்சின்றிச் செய்கிறார். அழுகையை மறைத்த அதே பதவிசான மொழி இங்கே மனசாட்சியையும் மறைக்கிறது. 'கண்ணியம்' என்பது அவர் ஓயாமல் சொல்லும் வார்த்தை. போருக்குப் பிறகோ, அந்தப் பிரபுவிடம் வேலை பார்த்ததையே அந்நியர்களிடம் மறுக்கிறார்.

1993இல் வந்த படத்தில் ஆன்டனி ஹாப்கின்ஸின் நடிப்பு அபாரம். ஆனால் கேமரா முகத்தைக் காட்டிவிடுகிறது. நாவலிலோ சொற்கள் மட்டுமே. கார்ன்வாலில், மணமாகிவிட்ட கென்டனைச் சந்திக்கையில், இதயம் நொறுங்கியதாக முதல்முறையாக எழுதுகிறார். அவளிடம் அதைச் சொல்வதில்லை. புன்னகையோடு பஸ் ஏற்றி அனுப்பிவிடுகிறார்.