புதுப்பித்தலும் படியெடுத்தலும்

முன்னாளில் பெட்டியிலும் பேழையிலும் வைத்துப் போற்றிய பொருள்களுட் பல, இந்நாளில் வீட்டுக் கணிப்பொறியினுள் குடிபுகுந்துவிட்டன. பெற்றோரின் திருமணப் படம், தங்கையின் மழலைக்குரல், ஆண்டுக்கணக்கில் உழைத்தெழுதிய ஆராய்ச்சிக் கட்டுரை, இல்லத்தின் வரவு செலவுக் கணக்கு ஆகிய யாவும் உள்ளங்கையளவான தட்டொன்றில் அடங்கிக் கிடக்கின்றன. அத்தகைய பொறியின் இயங்குதளத்தைப் புதுப்பிக்குமுன், அதிலுள்ளவற்றிற்கு வேறொரு படியெடுத்து வைத்தல் இன்றியமையாத கடமை என்பதே நாம் ஈண்டு வற்புறுத்த விரும்புவது.

புதுப்பித்தலே வேண்டா என ஒதுங்கி நிற்போர் சிலர் உளர். நன்றாக ஓடும் வண்டியில் கைவைப்பானேன் என்பது அவர்தம் வாதம். அவ்வாதம் பொருந்தாது. 2017-ஆம் ஆண்டு மே மாதத்தில் வான்னாக்ரை என்னும் தீநிரல் உலகெங்கும் பரவிக் கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. இங்கிலாந்தின் மருத்துவமனைகள் பலவற்றில் சிகிச்சையுந் தடைப்பட்டது. அது புகுந்த வழியை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் நிறுவனம் அதே ஆண்டு மார்ச்சு மாதத்திலேயே வெளியிட்டிருந்தது. அத்திருத்தத்தை ஏற்றிராத பொறிகளே இரையாயின. விண்டோஸ் 10-க்குரிய பொதுவான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களும் 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிவுற்றன. ஆதலின் பழையதிலேயே நிலைத்திருத்தல் அறிவுடைமையன்று.

ஆயினும், கண்ணை மூடிக்கொண்டு புதுப்பித்தலும் தகாது. 2018 அக்டோபரில் விண்டோஸ் 10-க்குப் பெரியதொரு புதுப்பித்தல் வெளிவந்தது. ஆவணங்கள், படங்கள் முதலிய கோப்புறைகளை வேறிடத்திற்கு மாற்றியமைத்தோர் சிலர், பழைய இடத்திலும் கோப்புகளை விட்டுவைத்திருந்தனர். அப்பழைய கோப்புறைகளை அப்புதுப்பித்தல், உள்ளிருந்தவற்றோடு சேர்த்தே நீக்கிவிட்டது. சில நாட்களில் நிறுவனம் அதனை நிறுத்திவைத்துப் பிழை திருத்தி, நவம்பர் 13-ஆம் நாள் மீண்டும் வெளியிட்டது. இழந்தோர் மிகச் சிலரே என்றும் கூறிற்று. உண்மையே, ஆயின் அச்சிலருள் ஒருவராய் இருப்பார்க்கு அக்கணக்கு ஆறுதல் தருமோ?

இனிப் படியெடுக்கும் முறை. ஒரே தட்டின் மற்றொரு பகுதியில் வைத்த படி, படியாகாது. தட்டுப் பழுதுற்றால் இரண்டும் ஒருங்கே அழியும். ஒத்திசைக்கும் மேகச் சேமிப்பு ஒன்றையே நம்புதலும் போதாது. இங்கு அழிந்தது அங்கும் அழிந்து, சின்னாள் குப்பைக்கூடையிற் கிடந்து, பின்னர் மறைந்துபோகலாம். புறத்தே இணைக்கும் வன்தட்டொன்றில் படியெடுத்து, எடுத்தபின் இணைப்பை நீக்கி, வேறிடத்தில் வைத்தலே நன்று. இணைந்தே கிடக்கும் தட்டைத் தீநிரலும் பற்றிக்கொள்ளும். வைத்த கோப்புகளுட் சிலவற்றை வேறொரு பொறியில் திறந்து பார்த்தலும் வேண்டும். திறந்து பாராத படி நம்பிக்கையேயன்றிக் காப்பன்று. தட்டு மறையாக்கம் செய்யப்பட்டிருப்பின், புதுப்பித்தபின் பொறி மீட்புத் திறவெண்ணைக் கேட்டலும் உண்டு. விண்டோஸில் அது நாற்பத்தெட்டு இலக்கமுடையது. அதனைத் தாளில் எழுதி வைத்துக்கொள்க.

இவ்வளவிற்கும் ஒரு மாலைப்பொழுது போதும். இதனை அறிந்த மாணவர் தம் பொறிக்கு மட்டும் செய்து அமைதல் போதாது. விடுமுறையில் வீடு செல்லுங்கால், திரையில் தோன்றும் அறிவிப்பைக் கண்டு, பொருள் விளங்காமலே பொத்தானை அழுத்தும் தந்தைக்கும் தாய்க்கும் செய்துகொடுத்தல் வேண்டும். நம் இளமைப் படங்களைப் பொறியிற் சேர்த்து வைத்தோர் அவர்களேயல்லரோ?

இயங்குதளம் கெட்டால் மீண்டும் நிறுவலாம். பொறி கெட்டால் மற்றொன்று வாங்கலாம். மறைந்த பாட்டியின் குரலை எந்நிறுவனமும் மீண்டும் அளிக்கவல்லதன்று. வெள்ளம் வருமுன் அணைகோலுவோமாக.