சேமிப்பு வேறு, காப்பு வேறு: கொல்கத்தா வணிகமும் மேகக் கிடங்குகளும்

2021 மார்ச் 8 மாலை, கொல்கத்தா ஸ்ட்ராண்ட் சாலையில் உள்ள நியூ கொய்லாகாட் கட்டடத்தின் 13ஆம் மாடியில் தீப்பற்றியது. கிழக்கு ரயில்வே, தென்கிழக்கு ரயில்வே ஆகியவற்றின் அலுவலகங்கள் இயங்கிய கட்டடம் அது. தீயணைப்பு வீரர்கள் உள்பட 9 பேர் உயிரிழந்தனர். பயணச்சீட்டு முன்பதிவுக்கான கணினி வழங்கிகளும் அதே கட்டடத்தில் இருந்தமையால், கிழக்கு மண்டலத்தில் முன்பதிவு தடைப்பட்டது. இரண்டு நாள் கழித்து, மார்ச் 10 அன்று, பிரான்சின் ஸ்திராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் எரிந்தது. ஒரு கட்டடம் முற்றிலும் அழிந்தது. இன்னொன்றின் ஒரு பகுதியும் சேதமுற்றது. அங்கே இடம் வாடகைக்கு எடுத்திருந்த எண்ணற்ற வணிக நிறுவனங்களின் தளங்கள் ஒரே இரவில் முடங்கின. தனிக் கட்டணம் செலுத்திக் காப்புப் பிரதிச் சேவை வாங்கியிருந்தவர்களில் சிலரது காப்புப் பிரதியும் மூலத்தோடு சேர்ந்து எரிந்தது. அவ்வாறு இழந்த ஒரு நிறுவனம் தொடுத்த வழக்கில், மூலமும் பிரதியும் ஒரே கட்டடத்தில் வைக்கப்பட்டிருந்ததைக் குற்றமாகக் கொண்டு 2023 சனவரியில் லீல் வணிக நீதிமன்றம் இழப்பீடு வழங்க ஆணையிட்டது.

இரண்டு நாள் இடைவெளியில் நிகழ்ந்த இவ்விரு தீவிபத்துகளும் வெவ்வேறு பாடங்களைக் கற்பிக்கின்றன. சொந்தக் கட்டடத்தை மட்டும் நம்பாதே என்பது முதலாவது. பிறர் கட்டடத்தையும் மட்டும் நம்பாதே என்பது இரண்டாவது. இந்திய வணிக உலகம் முதற்பாடத்தை மனப்பாடம் செய்துகொண்டு இரண்டாவதைப் படிக்காமலே தேர்வெழுதப் போய்விட்டது. மேகக் கணிமையைப் பற்றி வணிகவியல், மேலாண்மைத் துறைகளில் பரவலாக ஓதப்படும் பாடமும் பெரும்பாலும் செலவுக் குறைப்பு, விரைவு, விரிவாக்கம் என்னும் மூன்று சொற்களோடு முடிந்துவிடுகிறது. ஒப்படைக்கப்பட்ட கணக்கு யாருடைய கையில் இருக்கிறது, திரும்பக் கேட்டால் எவ்வடிவில் கிடைக்கும் என்னும் வினாக்கள் அப்பாடத்தில் இடம்பெறுவது அரிது.

மேகச் சேமிப்பை நாடும் வணிகரைக் குறைகூற இடமில்லை. கொல்கத்தாவில் தீ என்பது கற்பனை அச்சம் அன்று. 2008 சனவரியில் படாபஜாரின் நந்தராம் அங்காடி நாள்கணக்கில் எரிந்தது. 2018 செப்டம்பரில் கேனிங் தெருவின் பாக்ரி அங்காடியும் அவ்வாறே எரிந்தது. சரக்கும் பற்றுவரவுக் கணக்கும் ஒரே அறையில் இருக்கும் அத்தகைய கடைகளில் தீ நுழைந்தால், எரிவது துணிமூட்டையும் மருந்துப் பெட்டியும் மட்டுமல்ல. யார் எவ்வளவு தர வேண்டும் என்பதற்கான சான்றும் உடன் எரிகிறது. கடனுக்குச் சரக்கு தந்து வாழும் வணிகருக்கு அதைவிடப் பெரிய இழப்பு இல்லை. இந்நிலையில் மாதம் சில நூறு ரூபாய்க்குக் கணக்கின் ஒரு பிரதி தொலைவிலுள்ள வழங்கியில் கிடக்கும் என்றால் அதை ஏற்பதே அறிவுடைமை. 2020 மே 20 அன்று அம்பன் புயல் அடித்து, நகரின் பல பகுதிகளில் மின்சாரமும் இணையமும் நாள்கணக்கில் இல்லாமற்போனபோது, தொலைவிலிருந்த பிரதியை அங்கிருந்து எட்டிப் பார்க்க வழியில்லை என்பதும் உண்மை. ஆயினும் வெள்ளம் புகுந்த தரைத்தளத்தில் நனைந்த கணினியைவிட அது மேலானது.

ஆகவே, மேகத்தில் சேமிப்பதில் பிழையில்லை. சேமித்தவுடன் காத்துவிட்டதாக நம்புவதுதான் பிழை. சேமிப்பு என்பது இடம் பற்றியது. காப்பு என்பது பொறுப்பு பற்றியது. பொருளை வங்கிப் பெட்டகத்தில் வைத்தவர் சாவியைத் தம்மிடம் வைத்திருக்கிறார். மேகக் கிடங்கில் வைத்தவரில் பெரும்பாலோர் பொருளோடு சாவியையும் கொடுத்துவிட்டு வருகின்றனர். பெருநிறுவனங்கள் இதனை மறைக்கவும் இல்லை. அவற்றின் ஒப்பந்தங்களில் பொறுப்புப் பகிர்வு என்னும் கோட்பாடு வெளிப்படையாகவே இருக்கிறது: கட்டடம், மின்சாரம், வன்பொருள், வலையமைப்பு ஆகியன சேவை நிறுவனத்தின் பொறுப்பு, உள்ளே இருக்கும் தரவு, அதை யார் திறக்கலாம் என்னும் அனுமதி, அதன் மறுபிரதி ஆகியன வாடிக்கையாளரின் பொறுப்பு. ஒப்பந்தத்தைப் படிக்காமல் ஒப்புதல் பொத்தானை அழுத்தியவருக்கு இப்பகிர்வு தெரிவதே விபத்து நேர்ந்த பிறகுதான்.

இங்கே ஒரு தொழில்நுட்பக் குழப்பத்தையும் களைய வேண்டும். கடைக் கணினியில் உள்ள கோப்புறையை மேகத்தோடு ஒத்திசைத்து வைப்பதையே பலர் காப்புப் பிரதி எனக் கருதுகின்றனர். ஒத்திசைவு என்பது இங்கே நிகழ்வதை அங்கேயும் நிகழ்த்துவது. எழுத்தர் தவறுதலாக ஒரு கோப்பை அழித்தால் அங்கும் அழிகிறது. பிணைப்பணம் கேட்கும் நச்சுநிரல் இங்குள்ள கணக்கைப் பூட்டினால், பூட்டப்பட்ட வடிவமே அங்கும் சென்று படிகிறது. பழைய வடிவங்களைச் சிலகாலம் வைத்திருக்கும் வசதி பல சேவைகளில் உண்டு. அது எத்தனை நாள், எத்தனை வடிவம் என்பதைச் சேவையின் விதி தீர்மானிக்கிறது. மூலத்தில் நிகழும் கேடு எட்டாத இடத்தில் இருப்பதே காப்புப் பிரதி. மற்றவை நிழல்கள்.

இதற்குச் சான்று வேண்டுவோர் 2024 மே மாத நிகழ்வைப் பார்க்கலாம். ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதியம் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களின் கணக்கைக் கூகுள் கிளவுடில் வைத்திருந்தது. ஓரிடத்தில் கேடு நேர்ந்தால் மற்றோரிடம் உதவும் என்று இரு புவிப்பகுதிகளில் பிரதிகள் ஏற்பாடாகியிருந்தன. சேவையை அமைக்கும்போது நேர்ந்த ஒரு பிழையால் அந்நிதியத்தின் சந்தா முழுவதுமே அழிக்கப்பட்டது. இரு பகுதிகளிலும் இருந்தவை ஒருசேர மறைந்தன. நாள்கணக்கில் உறுப்பினர்கள் தம் கணக்கைக் காண முடியவில்லை. நிதியம் மீண்டெழ உதவியது, வேறொரு சேவை நிறுவனத்திடம் அது தனியே வைத்திருந்த காப்புப் பிரதி. இரண்டு நகரங்களில் இருந்தாலும் ஒரே சந்தாவின்கீழ் இருப்பவை ஒரே கூரையின்கீழ் இருப்பவையே என்பதை இதைவிடத் தெளிவாக எவரும் எடுத்துரைக்க முடியாது.

பிழையால் மூடப்படும் கதவு ஒன்று. முடிவெடுத்து மூடப்படும் கதவு இன்னொன்று. 2025 சூலை 18 அன்று ஐரோப்பிய ஒன்றியம் குசராத்தின் வாடினாரில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜி நிறுவனத்தின்மீது தடை விதித்தது. அதைத் தொடர்ந்து, கட்டணம் செலுத்திப் பெற்றிருந்த மைக்ரோசாஃப்ட் சேவைகளையும் தன் சொந்தத் தரவையும் அணுகும் வழி முன்னறிவிப்பின்றி மூடப்பட்டதாக அந்நிறுவனம் டெல்லி உயர்நீதிமன்றத்தை நாடியது. அம்மாத இறுதியில் சேவை மீண்டது. இந்திய மண்ணில் இயங்கும் நிறுவனம். தடை விதித்தது இந்திய அரசோ ஐக்கிய நாடுகள் அவையோ அன்று. ஆயினும் ஊழியர்களின் அஞ்சல்பெட்டி முடங்கியது. அப்பெருநிறுவனத்திற்கு உயர்நீதிமன்றம் செல்லும் வலிமை இருந்தது. கணக்கு முடக்கப்பட்ட ஒரு படாபஜார் மொத்த வணிகர் எந்த வாயிலைத் தட்டுவார்?

மேற்கு வங்க அரசு 2021இல் தரவு மையக் கொள்கை வெளியிட்டது. நியூ டவுனில் சிலிக்கான் வேலி என்னும் பெயரில் நிலம் ஒதுக்கித் தரவு மையங்களை வரவேற்கிறது. மும்பை, சென்னை, ஐதராபாத் நகரங்களை நோக்கியே பாய்ந்த முதலீடு கொல்கத்தாவுக்கும் வருவது நன்றே. ஆனால், தரவு ஊருக்குத் திரும்புகிறது என்னும் முழக்கத்தில் ஒரு மயக்கம் உண்டு. கட்டடம் ராஜர்காட்டில் இருப்பதாலேயே அதனுள் இருக்கும் கணக்கின்மீது கொல்கத்தா வணிகருக்கு ஆட்சி வந்துவிடாது. தூரம் குறைவதால் தரவு விரைவாக வந்து சேரும். உரிமை அதனால் கூடுவதில்லை.

சட்டம் இதில் பாதி தூரம் வந்து நின்றுவிட்டது. 2013ஆம் ஆண்டின் நிறுமங்கள் சட்டம் கணக்கேடுகளை 8 நிதியாண்டுகள் காக்க வேண்டும் என்கிறது. மின்னணு வடிவில் வைக்கப்படும் கணக்கின் காப்புப் பிரதி இந்தியாவில் உள்ள வழங்கிகளில் இருக்க வேண்டும் என 2014ஆம் ஆண்டின் கணக்கு விதிகள் கூறின. அவ்வப்போது எடுத்தால் போதும் என்றிருந்ததை 2022 ஆகஸ்டில் வந்த திருத்தம் நாள்தோறும் என மாற்றியது. நல்லதே. ஆனால் கணக்கு மேகத்தில் இருந்தால், சேவை நிறுவனம் எந்த முகவரியைச் சொல்கிறதோ அதையே பதிவாளருக்குத் தெரிவித்தால் போதும் என்றும் அவ்விதிகள் சொல்கின்றன. அந்தப் பிரதி மூலச் சந்தாவிலிருந்து விலகி நிற்க வேண்டும் என்றோ, ஆண்டுக்கொரு முறையேனும் அதிலிருந்து கணக்கை மீட்டெடுத்துப் பார்க்க வேண்டும் என்றோ விதியில் இல்லை. மேலும், இவை நிறுமங்களை மட்டுமே கட்டுப்படுத்துபவை. தனியுரிமை வணிகமும் கூட்டாண்மையும் மலிந்த கொல்கத்தா சந்தைகளின் பெரும்பகுதி இவ்விதிகளுக்கு வெளியே நிற்கிறது.

வெளியேறும் உரிமையின் நிலை இன்னும் மோசம். தரவை உள்ளே கொண்டுசெல்வது பெரும்பாலும் இலவசம். வெளியே எடுக்கக் கட்டணம் உண்டு என்பது மேகச் சந்தையின் நெடுநாள் வழக்கம். ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுச் சட்டம் 2025 செப்டம்பர் 12 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது; சேவை மாறுவதற்கான கட்டணங்களை 2027 சனவரி 12 முதல் அது அறவே தடை செய்கிறது. இந்தியாவில் 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தனிநபர் தரவைப் பற்றியது. ஒரு கடையின் கொள்முதல் கணக்கு அதன் வரம்பில் வராது. ரிசர்வ் வங்கி 2023 ஏப்ரலில் வெளியிட்ட நெறிமுறைகள், தகவல் தொழில்நுட்பப் பணிகளை வெளியாரிடம் ஒப்படைக்கும் வங்கிகள் வெளியேறும் திட்டம் ஒன்றை வைத்திருக்க வேண்டும் என்கின்றன. ஆக, ஆபத்து ஆள்வோருக்குத் தெரியாததன்று. வங்கிக்குத் தேவை எனக் கண்ட பாதுகாப்பை வங்கியின் வாடிக்கையாளரான வணிகருக்கு ஏன் மறுக்க வேண்டும்?

ஆய்வுலகத்துக்கும் இதில் நேரடிப் பங்குண்டு. 1806இல் தோன்றிய கல்கத்தா வங்கி 1809இல் வங்காள வங்கியாகி, 1921இல் இம்பீரியல் வங்கியில் இணைந்து, 1955இல் பாரத ஸ்டேட் வங்கியானது. அதன் வரலாற்றை அமியகுமார் பாக்சி பெருந்தொகுதிகளாக எழுத முடிந்ததற்குக் காரணம், வங்கியின் பெயர் மாறியும் ஆட்சி மாறியும் ஏடுகள் தங்கியதுதான். தாள் ஏட்டுக்கு ஒரு பிடிவாதம் உண்டு: வணிகம் மூடப்பட்ட பின்னும், வாடகை கட்டுவார் எவரும் இல்லாதபோதும், பரணில் அது கிடக்கும். மேகத்தில் உள்ள கணக்கோ சந்தா கட்டும் வரையே வாழ்கிறது. மைக்ரோசாஃப்ட் 365 வணிகச் சந்தா முடிந்தால், தரவு பொதுவாக 90 நாள் வைக்கப்பட்டுப் பின்னர் அழிக்கப்படுகிறது. நொடித்துப்போன நிறுவனத்திற்குச் சந்தா கட்டுவோர் யார்? அதன் ஊழியர்களின் நிலுவை ஊதியத்திற்கும், கடன் கொடுத்தோரின் வழக்கிற்கும், நாளைய வரலாற்றாசிரியனின் ஆய்வுக்கும் வேண்டிய சான்று அந்த 90 நாளில் கரைகிறது. பொய்லா பொய்சாக் நாளில் சிவப்புத் துணியட்டை போட்ட புதுக்கணக்கேட்டைப் பூசையில் வைத்துத் திறக்கும் ஹால்கதா வழக்கம் வங்க வணிகரிடம் இன்றும் உண்டு. அந்த ஏடு சடங்காக மட்டும் எஞ்சி, உண்மைக் கணக்கு அனைத்தும் வாடகைக் கிடங்கில் இருக்குமானால், இந்நூற்றாண்டின் கொல்கத்தா வணிக வரலாற்றை எழுத வருவோருக்குச் சிவப்பு அட்டைகளே கிட்டும்.

சிறுவணிகரிடம் இவ்வளவு எதிர்பார்ப்பது நியாயமா என்னும் வாதம் எழும். சொந்தமாக வழங்கி நடத்துமாறு யாரும் அவரைக் கேட்கவில்லை. வாரம் ஒருமுறை கணக்கைப் பொதுவடிவில் இறக்கி, ஒரு புறவட்டில் படியெடுத்து, கடையல்லாத வேறோரிடத்தில் வைப்பதற்குப் பொறியாளர் தேவையில்லை, பழக்கம் போதும். பெருநிறுவனத்தின் பாதுகாப்பு கடைக்காரரின் பூட்டைவிட வலிது என்பது மற்றொரு வாதம். அது மெய்யே. வலிய பூட்டு திருடனைத் தடுக்கும். பூட்டுக்காரரே கதவைச் சாத்தினால் என்ன செய்வது என்பதற்கு அதில் விடையில்லை.

செய்ய வேண்டியவை தெளிவானவை. மூலச் சந்தாவுக்குப் புறம்பான ஒரு பிரதியும், அதிலிருந்து மீட்டெடுத்துப் பார்த்ததற்கான ஆண்டுச் சான்றும் தணிக்கையின் பகுதியாக வேண்டும். கட்டணமின்றி, பொதுவடிவில், வரையறுத்த காலத்திற்குள் தரவை எடுத்துக்கொண்டு வெளியேறும் உரிமையைச் சட்டம் எல்லா வணிகர்க்கும் வழங்க வேண்டும். நொடித்த நிறுவனத்தின் மேகக் கணக்கை வழக்கு முடியும் வரையேனும் அழிக்காதிருக்க விதி வேண்டும். இவற்றுக்கெல்லாம் முன்னதாக, வணிகவியல் மாணவர்க்குப் பேரேடு எழுதக் கற்பிக்கும் துறைகள், எழுதிய பேரேட்டை எவ்வாறு தன்வசம் வைத்திருப்பது என்பதையும் கற்பிக்க வேண்டும். ஸ்ட்ராண்ட் சாலைத் தீயும் ஸ்திராஸ்பூர்க் தீயும் அணைந்து ஆண்டுகள் ஆகின்றன. அவற்றின் இரண்டாம் பாடம் இன்னும் பாடத்திட்டத்தில் ஏறவில்லை.