கொடுத்தும் கெடுக்கிறோம், எடுத்தும் கெடுக்கிறோம்!



குரங்கையும் பாறையில் ஒட்டிக் கிடக்கும் ஒரு செடியையும் ஒப்பிடலாமா? "உனக்கு வேற வேலை இல்லையா?" என்று என் பெஞ்ச் நண்பர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டுமுங்க. நான் சொல்லி விடுகிறேன்.

போன மழைக்காலத்தில் நம் மாவட்டத்துத் திம்பம் மலைப்பாதையில் போனோம். மொத்தம் 27 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு வளைவில் வண்டி நின்றது. சுவர் மேல் நாட்டுக் குரங்குகள். எதிரே ஈரப் பாறையில் மார்கான்ஷியா! தாவரவியல் புத்தகத்தில் வரும் லிவர்வோர்ட் வகைதான். ஈரல் போல மடல் மடலாக இருப்பதால் அந்தப் பெயர்.

இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம்! செடிக்கு வேர்கூடக் கிடையாது, ரைசாய்டுகள்தான். அதன் மேல் சின்னச் சின்னக் கிண்ணங்கள். மழைத்துளி விழுந்தால் உள்ளே இருக்கும் ஜெம்மாக்கள் தெறித்துப் போய்ப் புதுச் செடியாகும். குரங்கோ பெரும்பாலும் ஒரு தடவைக்கு ஒரே குட்டி போட்டு, அதை வயிற்றோடு அணைத்துக்கொண்டு திரிகிறது.

ஆனால் ஒரு ஆச்சரியம் கேளுங்கள். நாட்டுக் குரங்கின் நெருங்கிய சொந்தமான ரீசஸ் குரங்கின் மரபணுத் தொகுதியை 2007-ல் வெளியிட்டார்கள். அதில் சுமார் 20,000 மரபணுக்கள். 2017-ல் மார்கான்ஷியாவின் தொகுதி வந்தது. அதில் சுமார் 19,000! அற்பச் செடி என்று இனி யாராவது சொல்வோமா?

இன்னொரு ஒற்றுமை, அதுதான் என்னை உறுத்துகிறது. அன்றைக்குக் குரங்குக்கு பிஸ்கட் போட்டது நான்தான். ரெக்கார்டு நோட்டில் ஒட்டலாம் என்று அந்தப் பச்சைப் பட்டையை முழுசாக உரித்து எடுத்ததும் நான்தான். இரண்டையும் ஆசையாகத்தான் செய்தேன். தீனிக்குப் பழகிய குரங்கு ரோட்டுக்கு வந்து வண்டியில் அடிபடுகிறது. உரித்த பாறை மொட்டையாக நிற்கிறது. நோட்டில் வைத்த செடியோ ரெண்டே நாளில் கருகிப்போச்சு.

நாட்டுக் குரங்கு இந்தியத் தீபகற்பத்துக்கு மட்டுமே சொந்தமானது. உலகச் செம்பட்டியலில் ஆபத்துக்கு உள்ளாகக்கூடிய இனமாக அதைச் சேர்த்து விட்டார்கள். சத்தியமங்கலம் காடு 2013 முதல் புலிகள் காப்பகம். அங்கே பிஸ்கட் போடவும் செடி பிடுங்கவும் நமக்கு உரிமை இல்லை.

அதனால் என் கருத்து இதுதான்: குரங்குக்கு எதுவும் கொடுக்காதீர்கள், செடியிடம் எதுவும் எடுக்காதீர்கள். ரெக்கார்டுக்குப் படம் வேண்டுமா? பாறை பக்கத்தில் உட்கார்ந்து வரையுங்கள். அடுத்த தடவை நான் அப்படித்தான் செய்யப் போகிறேன். சிரிச்ச நண்பர்களும் கூட வரலாமுங்க!

— பதினொன்றாம் வகுப்பு மாணவன், உயிரியல் பிரிவு