கிளிக் பண்ணின உடனே கேட்கணுமா?

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்ல ஒரு குதிரைவீரனை செலக்ட் பண்ணி எதிரி கோட்டைப் பக்கம் கிளிக் பண்றீங்க. அவன் அந்த நொடியே கிளம்பணும். நடுவுல ஒரு மரத்தைச் சுத்திக்கிட்டுப் போனாலே நமக்கு மவுஸைத் தூக்கி எறியணும் போல இருக்கும். "சொன்னா கேக்க மாட்டேங்குறான்டா!"

என் கிளாஸ்மேட் ஒருத்தனுக்கு போன மாசம் கமாண்ட் ஆப்ஸ் 2 போட்டுக் கொடுத்தேன். இரண்டாம் உலகப்போர் விளையாட்டு. டிவிஷன் தலைமையகத்துக்கு "இந்தப் பாலத்தைப் பிடி"னு ஒரு உத்தரவு கொடுத்தா, அது படிப்படியா கீழே இறங்கும். ஒவ்வொரு படியிலும் நேரம் பிடிக்கும். எவ்வளவு தாமதம் வேணும்னு செட்டிங்ஸ்ல நாமே வைக்கலாம். இருபது நிமிஷத்துல அன்இன்ஸ்டால் பண்ணிட்டான். காரணம் கேட்டா, "லேக் அடிக்குது மச்சி."

அது லேக் இல்லைங்க. அதுதான் விளையாட்டே. ஆனா அவனைச் சிரிச்சு ஒதுக்கவும் எனக்கு மனசு வரல. ஏன்னு அப்புறம் சொல்றேன்.

நம்ம ஊர்க் கதை ஒண்ணு இருக்கு. ராயபுரத்துலேர்ந்து பீச் ஸ்டேஷன் தாண்டி பாரிமுனை வந்தா, ஹைகோர்ட் சுவர்ல ஒரு கல்வெட்டு. 1914 செப்டம்பர் 22 இரவு ஒன்பதரை மணி வாக்குல, எம்டன்ங்கிற ஜெர்மன் போர்க்கப்பல் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்னு, அரை மணி நேரத்துக்குள்ள சுமார் 130 குண்டு போட்டுச்சு. பர்மா ஆயில் கம்பெனியோட எண்ணெய்த் தொட்டிகள் எரிஞ்சுது. போர் ஆரம்பிச்சு ஏழு வாரம் ஆகியும் ஊர் விளக்கெல்லாம் பளிச்சுனு எரிஞ்சுக்கிட்டிருந்தது. கரையிலிருந்த பீரங்கிகள் பதிலுக்குச் சுட்டதுல எதுவும் கப்பல் மேல படல. ஜனங்க மூட்டை முடிச்சோட ஊரை விட்டே ஓடினாங்க. இன்னிக்கும் பாட்டி யாரையாவது "அவன் சரியான எம்டன்"னு சொன்னா அது இந்தக் கப்பல்தான். (2006ல "எம்டன் மகன்"னு ஒரு படம், அப்புறம் "எம் மகன்" ஆச்சு. அதுவும் இதே எம்டன்.)

இதைச் செய்யச் சொன்னது யாரு? குறிப்பா யாருமே இல்ல. ஆகஸ்ட் மாசம் பசிபிக்ல பேகன்ங்கிற தீவுல அட்மிரல் ஃபான் ஸ்பே தன் கப்பல்களைக் கூட்டினார். கேப்டன் ஃபான் முல்லர், ஒரு கப்பலையாவது இந்துமாக் கடலுக்கு அனுப்பலாம்னு யோசனை சொன்னார். "சரி, நீயே போ"ன்னுட்டார் ஸ்பே. கூட மார்கோமேனியான்னு ஒரு நிலக்கரிக் கப்பல். அவ்வளவுதான். அதுக்கப்புறம் தான் இருக்கிற இடம் தெரியக் கூடாதுன்னு முல்லர் வயர்லெஸ்ல பேசறதையே தவிர்த்தார். பிரிட்டிஷ் கப்பல் மாதிரி தெரிய ஒரு பொய்ப் புகைபோக்கியும் வச்சுக்கிட்டார். மெட்ராஸை எப்போ அடிக்கணும், எதை அடிக்கணும் எல்லாம் அவர் முடிவு.

இப்போ இதை ஒரு கேமா யோசிங்க. நீங்க முல்லர்னா செம ஜாலி. நீங்க ஸ்பேன்னா? பேகன்ல "போ"ன்னு ஒரு கிளிக். அதோட எம்டன் ஐகான் உங்க மேப்லேர்ந்து காணாமப் போயிடும். உண்மையில நடந்தது அதுதான். ஆனா அப்படி ஒரு கேம் வெளியிட்டா ரிவ்யூல கிழிச்சுடுவாங்க. நாம பழகினது தசாவதாரம் கமல் மாதிரி: அட்மிரலும் நாமே, கேப்டனும் நாமே, பீரங்கிக்குக் குண்டு எடுத்துக் கொடுக்கிறவனும் நாமே. ஒரு போர் விளையாட்டோட கமாண்ட் சிஸ்டத்தை மதிப்பிட நான் கேக்கிற முதல் கேள்வி கிராஃபிக்ஸ் பத்தி இல்ல. "இதுல நான் யாரு? எந்த நாற்காலியில உக்காந்திருக்கேன்?"

1824லயே பிரஷ்ய ராணுவத்துக்காக ரைஸ்விட்ஸ் உருவாக்கின கிரீக்ஸ்ஷ்பீல்ல இதுக்கு விடை இருந்தது. ஆடறவங்க உத்தரவை எழுதி நடுவர்கிட்ட கொடுப்பாங்க. அது போய்ச் சேர எவ்வளவு நேரமாகும்னு கணக்குப் போட்டுத்தான் நடுவர் காயை நகர்த்துவார். உங்களுக்குத் தெரிய வேண்டியது மட்டும்தான் உங்களுக்குத் தெரியும். கம்ப்யூட்டர் வந்ததும் அலுக்காத ஒரு நடுவர் நமக்குக் கிடைச்சார். அவர்கிட்ட நாம கேட்டது, "எல்லாத்தையும் காட்டு, உடனே நகர்த்து."

எதிரி எங்கேன்னு தெரியாததை மட்டும் நாம "ஃபாக் ஆஃப் வார்"னு ஏத்துக்கிறோம். நம்ம ஆளுங்க நிலைமையே நமக்குத் தெரியாதுங்கிறதை ஏத்துக்க மாட்டேங்குறோம். எண்ணூர்க்காரங்களுக்கு இது புரியும். 2017 ஜனவரி 28 விடியற்காலை காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே ரெண்டு கப்பல் மோதிச்சு. பெரிய கசிவு இல்லைன்னுதான் முதல்ல தகவல் வந்தது. எர்ணாவூர்க் கரையில தார் மாதிரி கறுப்பா ஒதுங்கினப்பதான் கதை மாறுச்சு. வாளியில அள்ளினாங்க. நான் அப்போ ஸ்கூல் பையன். எங்க தெரு அண்ணன் ஒருத்தர் முழங்கை வரைக்கும் எண்ணெயோட வீட்டுக்கு வந்தது ஞாபகம் இருக்கு. மேல உள்ளவங்க மேப்ல அன்னிக்குக் காலையில அந்தக் கறுப்பு இருந்திருக்காது. 2019ல வந்த ரேடியோ கமாண்டர் இதைத்தான் விளையாட்டா ஆக்கியிருக்கு: வியட்நாம் போர், ரேடியோவுல வர்ற குரலைக் கேட்டு மேப்ல காயை நாமளே வைக்கணும். தப்பா வச்சா தப்புதான்.

இப்போ என் கிளாஸ்மேட் பக்கம். அவனோட புகார்ல பாதி நியாயம். உத்தரவு எங்கே மாட்டியிருக்குன்னு சொல்லாத தாமதம், ஆடறவனுக்கு பக்தான். ஸ்கர்ஜ் ஆஃப் வார்ல குதிரையில தூதன் போறது கண்ணுக்குத் தெரியும். அவன் வழியில மாட்டினா கடிதம் போச்சு. அங்கே யாரும் "லேக்"னு சொல்றதில்ல. காத்திருக்கிற நேரத்துல பண்ண ஏதாவது வேலையும் இருக்கணும். சும்மா கடிகாரத்தைப் பார்க்க வைக்கிற டிசைனரை நானும் திட்டுவேன்.

இவ்வளவும் ஏன் எழுதறேன்னா, சிம்போசியத்துக்காக நாங்க மூணு பேர் எம்டன் கேம் ஒண்ணு பண்றோம். நீங்க ஆடறது மெட்ராஸ் கரைக் காவல் அதிகாரியா. விளக்கை அணைக்கச் சொன்னா உடனே அணையாது. ஆள் போகணும், கதவைத் தட்டணும், அவர் நம்பணும். டீம்ல ரெண்டு பேர் "உடனே" மோட் ஒண்ணு வைக்கலாம்னு சொல்றாங்க, இல்லைன்னா ஓட்டு விழாதாம். நான் வேண்டாம்கிறேன். வெள்ளிக்கிழமை மதியம் லேப்ல டெஸ்ட் பில்ட் ஓடும். வாங்க, பாரிமுனை விளக்கு அணையறதுக்குள்ள எத்தனை குண்டு விழுதுன்னு பார்த்துட்டு, யார் பக்கம்னு சொல்லுங்க.