விசுவாசக் குறைவென்னும் பழி

நோயுற்றுக் கிடப்பவரின் வீட்டுக்கும், பிழைப்பை இழந்து கலங்குபவரின் வீட்டுக்கும், பிள்ளையை மண்ணுக்குக் கொடுத்த தாயிடத்துக்கும் ஆறுதல் சொல்லப் போகும் நம் கிறிஸ்தவ சகோதரர் பலர், வேதபுஸ்தகத்தோடு ஒரு பழியையும் சுமந்து செல்கின்றனர். விசுவாசம் பூரணமாயிருந்தால் இத்துன்பம் வந்திராது, வந்திருப்பினும் இதற்குள் நீங்கியிருக்கும், கண்ணீரோடு கடவுளிடம் காரணம் கேட்பது அவிசுவாசம் என்பதே அப்பழி. சபைகளில் ஆழ வேரூன்றிவிட்ட இக்கொள்கை வேதத்துக்கு விரோதமானது. துயரத்திலிருப்பவன்மேல் குற்றவுணர்வையும் ஏற்றிவைப்பதால் கொடியதுமாகும்.

விசுவாசத்தில் பவுல் அப்போஸ்தலருக்கு மேற்பட்டவர்கள் என்று இப்படிப் பழிசொல்வோரில் எவரும் தம்மைச் சொல்லிக்கொள்ளத் துணியார். அந்தப் பவுல், தம் மாம்சத்திலிருந்த முள் நீங்கும்படி மூன்று தரம் வேண்டியும் அது நீங்கவில்லை. துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியாக விட்டுவந்ததைத் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். அந்தத் தீமோத்தேயுவுக்கோ, அடிக்கடி நேரும் பலவீனத்தின் பொருட்டுக் கொஞ்சம் திராட்சரசம் அருந்தும்படி யோசனை சொல்லுகிறார். மரணத்தின் வாயில்வரை சென்ற எப்பாப்பிரோதீத்து பிழைத்ததைக் கடவுள் தமக்கும் காட்டிய இரக்கமாக எண்ணுகிறார். நோயைக் காட்டி இவர்களில் ஒருவருடைய விசுவாசத்தையேனும் அவர் குறைகூறியதாக அந்நிருபங்களில் ஒரு சொல்லும் இல்லை.

புலம்பல் அவிசுவாசமானால், 150 சங்கீதங்களில் எத்தனையை நாம் விலக்கிவைக்க வேண்டிவரும்! 88-ஆம் சங்கீதம் ஒரு சிறு வெளிச்சத்தையும் காணாமல் இருளிலேயே முடிகிறது. ஆயினும் முதலடி தொடங்கி முடிவுவரை அது கடவுளை நோக்கியே பேசுகிறது. நாளை என்னவாகுமென்று தெரியாத காலத்தில், கேள்வியையும் கோபத்தையும் மறைக்காமல் அவர் சந்நிதியிலேயே கொட்டி, அவரை விட்டு அகலாமலிருப்பதையே நான் விசுவாசம் என்பேன்.

நம் நாட்டுச் சபையின் சரித்திரத்தையும் பாருங்கள். 1706-ல் மிஷனெரியாகத் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர், டேனிஷ் கவர்னரின் பகைக்கு ஆளாகி ஏறக்குறைய நான்கு மாதம் சிறையிருந்தார். நோயால் அடிக்கடி நலிந்தார். தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-ல் அச்சேறி முடிந்ததைக் கண்டவர், பழைய ஏற்பாட்டில் ரூத்தின் சரித்திரம்வரை மொழிபெயர்த்த நிலையில், 1719-ல், 36-ஆம் வயதில் மரித்தார். தேக சௌக்கியமும் நீண்ட ஆயுளுமே விசுவாசத்தின் அளவென்றால் இவரை எந்த வரிசையில் நிறுத்துவது?

இயேசுநாதரே, கடலில் புயலுக்கு அஞ்சிய தம் சீஷரை அற்ப விசுவாசிகள் என்று கடிந்துகொள்ளவில்லையா என்பர். கடிந்துகொண்டார், ஆனால் அந்தப் புயலில் அதே படவில் அவரும் இருந்தார். கெத்செமனேயில் வியாகூலப்பட்டு, பாத்திரம் நீங்கும்படி மன்றாடியவரும் அவரே.

துன்பத்தில் ஆறுதல் சொல்ல வந்த யோபுவின் சிநேகிதர் மூவரும் ஏழு நாள் அவனோடு தரையில் வாய்திறவாமல் உட்கார்ந்திருந்தவரையில் உத்தமமான துணைவராகவே இருந்தனர். பேசத் தொடங்கிய பின்னரே, கடவுளுக்காக வழக்காடுவதாக எண்ணிக்கொண்டு, துன்பத்தைக் கொண்டே அவன்மீது பாவத்தை நிரூபிக்க முற்பட்டனர். கடவுளோ, தம்மிடம் நியாயம் கேட்டு ஓலமிட்ட யோபுவின் பேச்சையே தகுதியானதென்று ஏற்று, அவர்கள்மேல் கோபங்கொண்டார். யோபு அவர்களுக்காக ஜெபித்த பின்னரே அவர்களை மன்னித்தார்.