மரபணுவைச் சுமந்து செல்வது யார்?

ஹீமோஃபிலியா உள்ள மகனை அழைத்துவரும் தாய்மார்கள் எங்கள் இரத்தவியல் பிரிவில் அண்மைக்காலமாக ஒரு கேள்வியைக் கேட்கின்றனர்: “ஒரே ஊசியில் மரபணுவைச் சரிசெய்துவிடலாமாமே டாக்டர், நம்ம பையனுக்கு எப்போது போடுவீர்கள்?” கைப்பேசியில் செய்தியையும் காட்டுகின்றனர். செய்தி பெரும்பாலும் உண்மையானதுதான். ஆனால் அதில் மரபணுவைப் பற்றி நிறைய இருக்கும். அம்மரபணுவைச் செல்லுக்குள் கொண்டுசேர்க்கும் ஊர்தியைப் பற்றி ஓரிரு வரிகளே இருக்கும். குடும்பத்தினர் முதலில் விசாரிக்க வேண்டியது அந்த ஊர்தியைப் பற்றித்தான் என்பது எங்கள் கருத்து.

டி.என்.ஏ.வை வெறுமனே இரத்தத்தில் செலுத்தினால் அங்குள்ள நொதிகள் அதைத் துண்டாடிவிடும். தப்பிப் பிழைத்தாலும் செல்லின் கதவு திறக்காது, டி.என்.ஏ.வும் எதிர்மின் தன்மை கொண்டது, செல் சவ்வின் மேற்பரப்பும் அவ்வாறே. ஆகவே சுமந்து செல்ல ஒருவர் வேண்டும். இன்று அனுமதி பெற்றுள்ள ஹீமோஃபிலியா மரபணு மருந்துகளில் அவ்வேலையைச் செய்வது, நோய் விளைவிக்காதவாறு மாற்றப்பட்ட ஏ.ஏ.வி. என்னும் சிறிய வைரஸ். அது திறமையான ஊர்தி. ஆனால் சிறிய ஊர்தி. ஏறத்தாழ 4,700 எழுத்துகள் நீளமுள்ள மரபணுவே அதில் ஏறும். ஃபாக்டர் 8 புரதத்துக்கான குறிப்போ ஏறத்தாழ 7,000 எழுத்துகள். அதன் நடுப்பகுதியை வெட்டி நீக்கியே ஏற்றுகின்றனர். ஒருமுறை செலுத்தியதும் உடல் அவ்வைரஸுக்கு எதிராக எதிர்ப்பொருள்களை உண்டாக்கிவிடுவதால் மறுமுறை கொடுக்க இயலாது. குழந்தைகளுக்கு இது பெரிய இடர். வளரும் கல்லீரலில் செல்கள் பெருகப் பெருக, புதிதாகச் சேர்ந்த மரபணு நீர்த்துக்கொண்டே போகும். அவ்வாறு நீர்த்துப்போனால் இரண்டாம் ஊசிக்கு வழியில்லை. விலையையும் சொல்ல வேண்டும்: ஹீமோஃபிலியா பி நோய்க்காக 2022-இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட மருந்தின் விலை 35 இலட்சம் டாலர்.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் ஹீமோஃபிலியா ஏ உள்ள ஐவருக்கு வேறொரு வழியில் சிகிச்சையளித்து, 2024 டிசம்பரில் முடிவுகளை வெளியிட்டனர். நோயாளியின் ஸ்டெம் செல்களை வெளியே எடுத்து, லென்டிவைரஸ் மூலம் மரபணுவைச் சேர்த்து, மீண்டும் உடலில் செலுத்தும் முறை அது. பெருமைக்குரிய பணி. ஆயினும் அங்கும் ஊர்தி வைரஸ்தான். செல்களைத் திருப்பிச் செலுத்துமுன் எலும்பு மஜ்ஜையை வலிய மருந்துகளால் வெறுமையாக்கவும் வேண்டும்.

வைரஸுக்கு மாற்றாக நெடுங்காலமாக ஆராயப்பட்டுவருபவை செயற்கைப் பாலிமர்கள். பள்ளிப் பாடநூல்களில் ‘பலபடி’ என்று படித்திருப்பீர்கள். அவற்றுள் முன்னோடி பாலிஎத்திலினிமைன். காகித ஆலைகளில் பயன்பட்டுவந்த அப்பொருளை மரபணுச் சுமப்புக்கு உரியதென 1995-இல் எடுத்துக்காட்டியவர்கள் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர் நகரில் ஜான்-போல் பேர் குழுவினர். அதன் நேர்மின் சங்கிலி டி.என்.ஏ.வைச் சுற்றிச் சுருட்டி நுண்துகளாக்குகிறது. செல் அத்துகளை ஒரு சிறு பைக்குள் விழுங்குகிறது. பைக்குள் அமிலம் ஏறும்போது பாலிமர் அதை உறிஞ்சுவதாகவும், நீர் உட்புகுந்து பை வீங்கி வெடிப்பதாகவும், சரக்கு வெளியேறுவதாகவும் அவர்கள் விளக்கினர். இவ்விளக்கம் எந்த அளவுக்குச் சரி என்பதில் அறிஞர்களிடையே இன்னும் வழக்கு முடியவில்லை. இந்த ஊர்தியில் மரபணுவின் நீளத்துக்குக் கெடுபிடி இல்லை. வேதியியல் ஆலையில் தயாரிக்கலாம். வைரஸ் புரதம் எதுவும் இல்லாததால் மீண்டும் மீண்டும் கொடுக்க முடியும் என்ற நம்பிக்கையும் உண்டு.

அவ்வாறெனில் ஏன் இன்னும் வரவில்லை? செல்லுக்குள் நுழைய உதவும் அதே நேர்மின் தன்மை செல் சவ்வைக் கிழிக்கவும் செய்கிறது. இரத்தப் புரதங்களை ஒட்டவைத்துத் திரளாக்குகிறது. சங்கிலி நீள நீளத் திறன் கூடுகிறது, நச்சும் கூடுகிறது. மேலே பாலிஎத்திலின் கிளைக்கால் பூசினால் (மலச்சிக்கலுக்கு நீரில் கரைத்துக் குடிக்கத் தருகிறோமே, அதே பொருள்தான்) நச்சு குறைகிறது. செல்லுக்குள் நுழையும் திறனும் குறைந்துவிடுகிறது. சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு, பாலிஎத்திலினிமைனில் ஏற்றிய ஒரு மரபணு மருந்தைச் சிறுநீர்ப்பைக்குள்ளேயே செலுத்திப் பார்த்தனர். பயன் போதாதென்று அந்த ஆய்வு 2019-இல் நிறுத்தப்பட்டது. செயற்கைப் பாலிமரில் ஏற்றி உடலுக்குள் செலுத்தும் மரபணு மருந்து எதுவும் இன்றுவரை விற்பனை அனுமதி பெறவில்லை. அதை உங்களிடம் மறைப்பதில் பயனில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. உடலுக்குள் இடம் கிடைக்காத இதே பாலிஎத்திலினிமைன், வைரஸ் ஊர்திகளைத் தயாரிக்கும் கூடங்களில் அன்றாடம் உழைக்கிறது. வளர்ப்புச் செல்களுக்குள் மரபணுவைப் புகுத்தி அவற்றை வைரஸ் உற்பத்தி செய்யவைக்க அது பயன்படுகிறது.

ஆராய்ச்சி இத்துடன் நின்றுவிடவில்லை. அறுவைக்குப் பின் தானே கரைந்துபோகும் தையல் நூலை உங்களில் பலர் அறிவீர்கள். உடல் நீரால் அறுபடும் எஸ்டர் பிணைப்புகளே அந்நூல் கரைவதற்குக் காரணம். அவ்வகைப் பிணைப்புகளைக் கொண்டு, வேலை முடிந்ததும் சிதையக்கூடிய மரபணு ஊர்திப் பாலிமர்களை அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் லின், லேங்கர் இருவரும் 2000-இல் உருவாக்கினர். அதன் வழித்தோன்றல்கள் விலங்குகளில் சோதிக்கப்பட்டு வருகின்றன. மறுமுறை கொடுப்பது வெறும் கனவன்று என்பதற்கும் சான்று கிடைத்துவிட்டது. 2025-இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில், அரிய கல்லீரல் நொதிக் குறை உள்ள ஒரு கைக்குழந்தைக்கு மரபணுத் திருத்த மருந்தை மூன்று முறை செலுத்தினர். அங்கு ஊர்தி பாலிமர் அன்று, கொழுப்புத் துகள். ஆனால் அதுவும் வைரஸ் இல்லாத, மனிதர் வடித்த ஊர்தியே.

எனவே “ஒரே ஊசி” என்ற சொல்லில் நாங்கள் மயங்குவதில்லை. ஒன்பது வயதுச் சிறுவனுக்கு வேண்டியது, அவன் வளர வளரத் திரும்பக் கொடுக்கக்கூடியதும், குடும்பத்தை விற்றுவிடாத விலையில் கிடைப்பதுமான மருந்து. அந்த இடத்தை நிரப்பும் வாய்ப்பு செயற்கை ஊர்திகளுக்கே அதிகம் என்று கருதுகிறோம். நம் நாட்டின் பொது ஆராய்ச்சி நிதியில் அவற்றுக்குக் கூடுதல் பங்கு வேண்டும் என்றும் கருதுகிறோம். முடிவுறாத ஆராய்ச்சியை நோயாளிகளிடம் பேசலாகாது என்று எங்கள் சக மருத்துவர்கள் சிலர் சொல்வதுண்டு. நாங்கள் பேசாவிட்டால் விளம்பரக்காரர் பேசுவார். எங்கள் பிழையையும் ஒப்புக்கொள்கிறோம். முதுநிலை மாணவர்களாக இருந்தபோது ஆசிரியர்கள் சொன்ன “இன்னும் ஐந்தாண்டில்” என்பதை நாங்களும் நோயாளிகளிடம் பலமுறை திருப்பிச் சொன்னோம். சிறுவர்களாக வந்து அதைக் கேட்டவர்கள் இன்று மூட்டு தேய்ந்த இளைஞர்களாக எங்கள் முன் அமர்ந்திருக்கின்றனர்.

மரபணு சிகிச்சை என்று கூறி யாரேனும் முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். முறையான மருத்துவ ஆய்வு இந்தியாவின் மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் இடம்பெற்றிருக்க வேண்டும். ஆய்வு மருந்துக்கு நோயாளியிடம் கட்டணம் பெறுவது முறையன்று. கைப்பேசியில் வந்த செய்தியை அடுத்த வருகையின்போது கொண்டுவாருங்கள். எந்த ஊர்தி, எத்தனை முறை கொடுக்கலாம், எந்த வயதினரிடம் சோதித்தார்கள் என்று உங்களுடன் அமர்ந்து படித்துப் பார்க்கிறோம். இப்போது உங்கள் மகனின் மூட்டைக் காத்துக்கொண்டிருப்பது ஃபாக்டர் ஊசிதான். அதன் நாள்களைத் தவறவிடாதீர்கள்.